கரையேறிய ஆமை

வருடம் 1994. தேதியைக் குறித்துவைக்கும் பழக்கம் அந்த வயதில் எனக்கு இல்லை. அத்தையின் நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள், ஐப்பசி மழை விட்டிருந்த காலை என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

அடையாறில் எங்கள் தெரு கிண்டி தேசியப் பூங்காவின் சுவரில் போய் முட்டி நிற்கும். சுவருக்கு அந்தப் பக்கம் மான்கள் இருப்பது தெரியும். அதற்கு மேல் அந்தக் காட்டைப் பற்றி வீட்டில் யாரும் யோசித்ததில்லை. அப்பாவும் சித்தப்பாவும் திருநெல்வேலியிலிருந்து வந்து தி. நகரில் ஜவுளிக்கடை வைத்தவர்கள். அவர்களுக்குத் தெரிந்த சென்னை கடையும் வீடும்தான்.

வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டுக் கோலமாவு எடுக்கப் போன அம்மா திரும்பி வந்தபோது, முன்னறையின் நடுவில் ஓர் ஆமை நின்றிருந்தது. கறுத்த ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் நட்சத்திரமாக விரிந்திருந்தன. அம்மாவின் கையிலிருந்த கோலமாவு டப்பா கீழே விழுந்தது.

“ஆமை புகுந்த வீடு...” என்று தொடங்கியவள், பின்னால் அத்தை நிற்பதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள். ‘உருப்படாது’ என்ற மிச்சச் சொல் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. ஏற்கெனவே இரண்டு வரன்கள் தட்டிப்போயிருந்தன. அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு, “மைனி, வெளிய மூச்சு விட்டிராதிய. அவுக காதுக்குப் போச்சுன்னா இதுவும் போச்சு” என்றாள்.

அடித்துப்போடலாம் என்று யாரும் சொல்லவில்லை. வந்த இடத்துக்கே மரியாதையாக அனுப்பிவிடுவது என்று அப்பா தீர்மானித்தார். ஆமை வந்த இடம் கடல் என்பதில் ஒருவருக்கும் ஐயமில்லை. அம்மா எவர்சில்வர் வாளியில் தண்ணீர் நிரப்பி, வழியில் அது தவித்துப்போகக் கூடாதென்று இரண்டு கை கல்லுப்பும் போட்டாள். அத்தை அதன் ஓட்டில் குங்குமம் வைத்துக் கும்பிட்டாள்.

சித்தப்பா ஸ்கூட்டரை ஓட்ட, நான் வாளியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். வழியெல்லாம் அது கழுத்தைத் தண்ணீருக்கு மேலே நீட்டியபடியே வந்தது. ரோட்டை வேடிக்கை பார்க்கிறது என்று நினைத்தேன்.

பட்டினப்பாக்கத்தில் சித்தப்பா அதை அலையில் விட்டார். அலை திருப்பிக் கொண்டுவந்து போட்டது. ஆமை மணலில் காலூன்றி எங்களை நோக்கி நடந்தது. மறுபடி விட்டார். மறுபடி வந்தது. குங்குமம் கரைந்துபோயிருந்தது. தீபாவளிக் கூட்டத்திலும் அலட்டிக்கொள்ளாத சித்தப்பாவின் முகம் வெளுத்துவிட்டது.

“விட மாட்டேங்குதுல. நம்ம வீட்டத்தான் பிடிச்சிருக்கு.”

மீன்கூடையோடு போன ஒரு பெண் நின்று பார்த்தாள். “இன்னா நைனா, மாமியார் வூட்டுக்கு அனுப்புறியா? அது திரும்பித் திரும்பி வந்துகினு கீதே.”

சித்தப்பா சிரிக்கவில்லை. மாமியார் வீட்டுக்குப் போகவேண்டியது யார் என்பது அவருக்குத்தானே தெரியும். வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு மார்பளவு தண்ணீருக்குள் போனார். கையை ஓங்கி, எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் வீசினார்.

வெயில் ஏறும்வரை நின்றோம். வரவில்லை.

“போயிட்டு. அது வீட்டுக்குப் போய்ச் சேந்துட்டு” என்றார்.

நிச்சயம் குறையில்லாமல் நடந்தது. அத்தை இன்று மதுரையில் பேரன் பேத்தியோடு இருக்கிறாள். எல்லாம் ஆமையைக் கடலில் சேர்த்த புண்ணியம் என்பது அம்மாவின் கணக்கு. நானும் அதை மறுத்ததில்லை, பல வருடங்கள் கழித்து அந்தப் பூங்காவுக்குள் போகும்வரை. அங்கே ஒரு பலகையில் அதே ஓட்டின் படம். நட்சத்திர ஆமை, புதர்க்காட்டில் வாழ்வது, நீந்தத் தெரியாதது. பலகைக்குப் பின்னால் தெரிந்தது எங்கள் தெருக்கோடிச் சுவர்.

அன்று கரையேறிய இரண்டு தடவையும் அது கடலுக்கு முதுகைக் காட்டி, என் கால்களுக்கு நடுவே புகுந்து, மேற்கே நடந்தது. என்மேல் அதற்கு அவ்வளவு பிரியம் என்று நினைத்து, யாரிடமும் சொல்லாமல் வெகுநாள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.