இரண்டாம் தட்டில் கிடைத்த ஆதாரம்

1974-இல் நான் ஆராய்ச்சிக்குப் பதிவு செய்தபோது பெண்ணியம் என்ற சொல் எங்கள் தமிழ்த் துறைக்கு இன்னும் வந்து சேரவில்லை. ஆகவே என் தலைப்பு, ‘வார இதழ்களில் இல்லறப் பெண்’ என்று அடக்க ஒடுக்கமாக உள்ளே நுழைந்தது. வழிகாட்டிப் பேராசிரியருக்கு அதிலும் சந்தேகம்.

“மூலப் பக்கங்களைத் தேதியோட காட்டும்மா. டிசம்பருக்குள்ள வரலைன்னா தலைப்பை மாத்திடலாம். சங்க இலக்கியத்துல மகளிர்னு எடுத்துக்கோ, யாருக்கும் தொந்தரவு இல்லை.”

அடையாறிலிருந்து தி. நகர் வரை அலைந்தேன். நூலகங்கள் பழைய வார இதழ்களை எடைக்குப் போட்டிருந்தன. நான் குடியிருந்த மயிலாப்பூரின் வீடுகளில் பைண்டு செய்த தொகுதிகள் வரிசையாக இருந்தன. திறந்தால் வெறும் தொடர்கதை. வாராவாரம் கதையை மட்டும் கிழித்துச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். எனக்கு வேண்டிய மகளிர் பக்கத்தை, மாலையில் கணவன் வரும்போது மனைவி எப்படிச் சிரிக்க வேண்டும் என்ற ஆலோசனை உட்பட, பெண்களே கழித்துவிட்டிருந்தார்கள். இதழ்கள் பெண்களை ஆட்டிவைக்கின்றன என்பது என் ஆய்வின் கருதுகோள்.

எதிர்வீட்டு மாமியிடம் புலம்பினேன்.

“அதெல்லாம் எங்கே போயிடும்? வா” என்று சமையலறை அலமாரியின் இரண்டாம் தட்டில் பருப்பு டப்பாக்களை நகர்த்தினார். அடியில் விரித்திருந்தது மகளிர் பக்கம். அதற்கும் அடியில் இன்னொன்று. பழையதை எடுக்காமலே வருஷக்கணக்காக மேலே மேலே விரித்திருந்தார். பக்க ஓரத்தில் தேதி அழியாமல் இருந்தது.

“இதையெல்லாம் படிச்சேளா மாமி?”

“விரிக்கறதை யாராவது படிப்பாளோடி? எடுத்துண்டு போ. ஆனா தட்டை மொட்டையா விட்டுட்டுப் போயிடாதே.”

என் கையில் இருந்த ஒரே காகிதம், திருத்தங்களோடு திரும்பி வந்த முதல் அத்தியாயத்தின் தட்டச்சுப் பிரதி. எப்படியும் மறுபடி அடிக்க வேண்டியதுதான். அதை விரித்தேன்.

அடிக்குறிப்பில் உள்ளதை உள்ளபடியே எழுதினேன்: ‘மயிலாப்பூர், ஒரு சமையலறை அலமாரி, இரண்டாம் தட்டு.’ பேராசிரியர் அதை அடித்துவிட்டு, ‘தனியார் சேகரிப்பு’ என்று எழுதினார். தலைப்பு பிழைத்தது.

பட்டம் வந்ததும் இனிப்போடு மாமி வீட்டுக்குப் போனேன். என் அத்தியாயத்தின் மேல் நல்லெண்ணெய்த் தூக்கு உட்கார்ந்திருந்தது. கேட்காமல் இருக்க முடியவில்லை.

“இதையாவது படிச்சேளா?”

“ரெண்டு பக்கம் பார்த்தேன். அந்த மகளிர் பக்கம் மாதிரியேதான் இருக்கு. நாங்க எப்படி இருக்கோம்னு எங்களுக்கே சொல்லிண்டு. ஆனா காகிதம் மட்டம்டி, எண்ணெய் தாங்கலை.”