ஹென்றியின் பேரில் ஓடிய லோரிகள்

இலவச இயங்குதளத்துக்கு மாறினால், காசு கொடுத்து வாங்கிய கம்ப்யூட்டர் விளையாட்டுகளையெல்லாம் திருட்டு என்று சொல்லிக் கம்பெனிக்காரன் பூட்டிவிடுகிறானாம். புக்கிட் மெர்தாஜாமில் ஒருவருக்கு அப்படித்தான் ஆயிற்றாம். ஷேரன் அக்காவுக்கு இதைச் சொன்னது அலுவலகத்தில் பக்கத்து மேசை ஜெயலெட்சுமி. ஜெயலெட்சுமிக்குச் சொன்னது அவருடைய மருமகன். மருமகனுக்கு யார் சொன்னார்கள் என்று விசாரிக்கும் நிலையில் அக்கா இல்லை. ஏனென்றால் முந்தின நாள்தான், கூட வேலை பார்க்கும் தயாளன் அவருடைய மடிக்கணினியில் பழையதைத் துடைத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தான்.

"திருட்டா? யாரு திருடி? எல்லாம் காசு குடுத்து வாங்குனது. எவனாச்சும் மூஞ்சிக்கு நேரா வந்து சொல்லட்டும், போலீஸ்ல ரிப்போட் குடுக்குறேன்."

வாசலில் நின்று, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கத்தினார். கடலுக்கு அக்கரையில் இருக்கும் பிறை என்ற ஊரிலிருந்து பாலத்துக் காற்றில் மோட்டார் ஓட்டி வந்த களைப்பு அந்தக் குரலில் கொஞ்சமும் இல்லை. வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். ஜெலுத்தோங்கில் அவருடைய அடுக்குமாடி வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறேன். திருச்சியிலிருந்து வேலைக்கு வந்தவன். அந்த மாதம் வேலை அனுமதியைப் புதுப்பிக்க வேண்டியிருந்ததால் யாருடைய கோபத்திலும் மாட்டிக்கொள்ளாமல் இருப்பதே என் ஒரே திட்டம்.

"யாரோ சொன்னதுதானேக்கா. நிஜமா இருக்காது," என்றேன்.

"நெசமில்லாட்டி ஏன் தொறக்க மாட்டேங்குது? காலையில பாத்தேன். பாஸ்வேர்ட் போட்டா சுத்துது, சுத்துது, அப்புறம் என்னமோ நம்பர் கேக்குது. நாப்பது வயசு வரைக்கும் என்னா கேட்டாலும் தலைய ஆட்டுனேன்லா, இனிமே முடியாது."

சமையலறைக்குள் போய்ச் சட்டி மூடியை ஒரு போடு போட்டார். அன்றைக்குச் சமையல் இல்லை என்று எனக்குப் புரிந்தது.

ஷேரன் அக்கா பிறையில் ஒரு லோரி நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். எந்த லோரி எந்தச் சரக்கை ஏற்றிக்கொண்டு எங்கே போக வேண்டும், அதை யார் ஓட்ட வேண்டும் என்று பிரித்துக் கொடுப்பது அவர்தான். கோலாலம்பூர் போக வேண்டியவன் தைப்பிங்கில் ஒதுங்கித் தூங்கிவிட்டால் அக்கா ஃபோனில் பேசும் பேச்சுக்கு யார்டில் நாய்கூட எழுந்து நகர்ந்துவிடும் என்பான் தயாளன். அவன் அதே யார்டில் லோரிகளுக்கு வயரிங் பார்ப்பவன். டிரைவர்கள் பின்னால் என்ன சொன்னாலும், முன்னால் வந்து நின்றால் "அக்கா" என்பதற்கு மேல் வாய் திறக்க மாட்டார்கள்.

ஆனால் அக்கா ஒரு நாளும் சாலையில் லோரி ஓட்டியதில்லை. யார்டுக்குள் இரண்டு மூன்று தடவை, முதலாளி இல்லாதபோது, பின்னால் எடுத்து நிறுத்தியிருக்கிறார். அவ்வளவுதான்.

அவருடைய அப்பா சொந்த லோரி வைத்திருந்தவர். பள்ளிக்கூடம் முடித்த வருடம் லோரி லைசென்ஸ் எடுக்கட்டுமா என்று அக்கா கேட்டிருக்கிறார். "பொம்பளப் புள்ள லோரி ஓட்டுனா எவன் வந்து கட்டுவான்?" என்றாராம் அப்பா. இதைச் சொல்லும்போதெல்லாம் அக்கா ஒரே மாதிரி முடிப்பார்: "ஓட்டவும் விடல. எவனும் வந்து கட்டவும் இல்ல."

அப்பாவுக்குக் கண் மங்கியதும் லோரி அண்ணன் ஹென்றியின் பேருக்குப் போயிற்று. யாரும் யாரையும் கேட்கவில்லை. அந்த வீட்டில் தண்ணீர், கரண்டு, ஃபோன், கல்லறைத் தோட்டத்தில் குடும்பத்துக்கு வாங்கிப் போட்ட இடம் எல்லாமே முதலில் அப்பா பேரிலும் பிறகு மூத்த மகன் பேரிலும்தான்.

"அவனுக்கு டீசல் வாடை பட்டாலே வாந்தி," என்பார் அக்கா. "சின்னதுல அப்பாகூட ஈப்போ வரைக்கும் போய்ட்டு, போனதுலேருந்து வர்ற வரைக்கும் பிளாஸ்டிக் பைய மூஞ்சில மாட்டிக்கிட்டு வந்தவன். அவனுக்குக் குடுத்தாங்க லோரிய."

ஹென்றி அதை விற்றுவிட்டுச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். விற்றதற்குக்கூட அக்கா அவ்வளவு கோபப்பட்டதில்லை. ஒரு வார்த்தை கேட்காமல் விற்றதற்குத்தான்.

இத்தனைக்கும், இப்போது திறக்க மறுக்கிற விளையாட்டை வாங்கிக் கொடுத்ததே ஹென்றிதான். ஒரு கிறிஸ்துமஸுக்குத் தங்கைக்குச் சேலைத் துணி எடுப்பதற்குப் பதிலாக ஐரோப்பாவில் லோரி ஓட்டும் ஒரு விளையாட்டை வாங்கிப் போட்டார். அக்காவிடம் அப்போது கார்டு இல்லை. அதனால் கணக்கைத் திறந்ததும் அவர்தான்: அவருடைய பெயர், அவருடைய மின்னஞ்சல், அவருடைய சிங்கப்பூர் நம்பர். கடவுச்சொல்லை மட்டும் அக்காவுக்குச் சொன்னார். அதிலிருந்து வருடா வருடம் கிறிஸ்துமஸ் துணி விளையாட்டாகவே வந்தது. ரயில், பண்ணை, கப்பல் என்று அந்தக் கணக்கின் லைப்ரரியில் வரிசையாக நின்றன. மற்றதையெல்லாம் அக்கா ஒரு தடவை திறந்து பார்த்து மூடிவிடுவார். லோரிதான்.

சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் ஸ்டீரிங் ஒன்றைத் திருகாணி வைத்து இறுக்கியிருப்பார். காலுக்கடியில் பெடல். வேலைவிட்டு வந்து குளித்து, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, உட்கார்ந்தால் போலந்து, நார்வே, பனி கொட்டும் மலைச்சாலை. ஓட்டிச் சம்பாதித்து வேறு லோரிகள் வாங்கி, அந்த விளையாட்டுக்குள்ளேயே டிரைவர்களை வேலைக்கு வைத்திருந்தார். கம்பெனிக்கு 'ஷேரன் அண்ட் சன்ஸ்' என்று பெயர்.

"சன்ஸ் எங்கக்கா?" என்று வந்த புதிதில் கேட்டுவிட்டேன்.

"லோட் ஏத்தப் போயிருக்கானுங்க. நீ போய்ச் சாப்புடு."

போன கிறிஸ்துமஸ் அன்று ஹென்றியும் அவர் மனைவி மார்த்தாவும் இங்கே வந்திருந்தார்கள். சொந்தக்காரர்கள் நிறைந்த சாப்பாட்டு நேரத்தில் மார்த்தா அந்த ஸ்டீரிங்கைக் காட்டி, "எங்க நாத்தனாருக்கு இன்னும் கல்யாண வயசு வரல, இப்பத்தான் பொம்ம காடி ஓட்டுறாங்க," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஹென்றியும் சிரித்தார். அக்கா ஆட்டுக்கறிச் சட்டியை அப்படியே தூக்கிச் சமையலறைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். விருந்தாளிகள் வெறும் சோற்றோடு உட்கார்ந்திருந்தார்கள். அதற்குப் பிறகு அண்ணனும் தங்கையும் பேசவில்லை. ஆனால் அக்கா அதே கணக்கில் லோரி ஓட்டிக்கொண்டுதான் இருந்தார்.

பழைய இயங்குதளத்துக்கு இனிப் பாதுகாப்பு வராது என்று அறிவித்ததும், புதியதை அந்தப் பழைய மடிக்கணினி தாங்காது என்று தெரிந்ததும்தான் தயாளன் உள்ளே வந்தான்.

அக்கா வாசலில் நின்று கத்திய அந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர் திரும்பும்போது அவன் மேசையில் உட்கார்ந்து ஸ்டீரிங்கைச் சோதித்துக்கொண்டிருந்தான்.

"ஸ்டீரிங் புடிக்குதுக்கா. பெடலும் புடிக்குது. சிஸ்டத்துல ஒரு பிரச்சினையும் இல்ல. ஜெயலெட்சுமி அக்கா சொன்னது சுத்தப் பொய். எந்த கம்பெனியும் இதுக்காகப் பூட்டாது."

"அப்ப யாரு பூட்டுனது?"

"பூட்டல. பழச நான் தொடச்சிட்டேன்ல, அதனால இந்த லேப்டாப்ப அதுக்கு அடையாளம் தெரியல. எவனோ புது ஆளுன்னு நெனைக்குது. ஓனருக்கு ஒரு கோட் அனுப்பும், அதப் போட்டா தொறந்துரும். அஞ்சு நிமிச வேல."

"அப்ப அனுப்பச் சொல்லு."

"அனுப்பிட்டேன்க்கா. மூணு தரம்." தயாளன் திரையைத் திருப்பிக் காட்டினான். ஃபோன் நம்பரின் கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டும் தெரிந்தன. முன்னால் சிங்கப்பூரின் எண்.

அக்கா அந்த எண்ணைப் படித்தார். தலையில் போட்டிருந்த முக்காட்டுத் துணியை எடுத்து நாற்காலியின் மேல் எறிந்தார்.

"மூணு தரமா? மூணு தரம் அவனுக்குப் போயிருக்கா? இவ கெஞ்சுறான்னு நெனச்சிருப்பான்லா! உன்ன யாரு அனுப்பச் சொன்னது?"

"நீங்கதான்க்கா. இப்ப."

"இப்பச் சொன்னேன். நீ முன்னாலயே அனுப்பிட்ட."

தயாளன் என்னைப் பார்த்தான். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

"ஒண்ணு செய்யலாம்," என்றான் மெதுவாக. "ஒங்க பேர்ல புதுக் கணக்கு தொறப்போம். கேம புதுசா வாங்கிக்கலாம். இப்ப மலிவுதான்."

"என் கம்பெனி?"

"அது... அந்தக் கணக்குலதான் இருக்கு. மொதல்லேர்ந்து ஓட்டணும்."

"மொதல்லேர்ந்து நீ ஓட்டு! முத லோரி வாங்க நான் எத்தன நாளு கூலிக்கு ஓட்டுனேன்னு ஒனக்குத் தெரியுமா? பனியில பொரண்டு, ஃபைன் கட்டி..." குரல் உடைந்ததோ என்று நினைத்தேன். இல்லை, இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. "கம்பெனிக்கு எழுது. இது என்னுதுன்னு எழுது."

எழுதுகிற வேலை என்னிடம் வந்தது. ஆங்கிலத்தில் பணிவாக எழுதினேன். அக்கா பின்னால் நின்று, "பணிவு எதுக்கு?" என்று ஒவ்வொரு வரியிலும் கேட்டார். தினமும் இத்தனை வருடமாக ஓட்டுவது இவர்தான், கணக்கு அண்ணன் பேரில் இருப்பது வீட்டு வழக்கம் மட்டுமே என்று விளக்கினேன். அந்தக் கடைசி வரியை எந்த நாட்டுக்காரனுக்குப் புரிய வைப்பது என்று எனக்கே தெரியவில்லை.

வாரத்தின் நடுவில் பதில் வந்தது. நன்றி சொல்லியிருந்தார்கள். கணக்கின் உரிமையாளர் மட்டுமே தொடர்புகொள்ள முடியும் என்றும், அடுத்தவருடைய கணக்கைப் பயன்படுத்துவது விதிகளுக்குப் புறம்பானது என்றும் எழுதியிருந்தார்கள். நான் கொஞ்சம் மென்மையாக்கித் தமிழில் சொன்னேன். அக்காவுக்கு ஆங்கிலம் என்னைவிட நன்றாகத் தெரியும். ஃபோனைப் பிடுங்கி அவரே படித்தார்.

"அடுத்தவரு கணக்கு." ஒரு முறை சொன்னார். பிறகு கத்தினார். "நான் ஓட்டுன லோரிக்கு அவன் ஓனரா? ஒரு ரவுண்டு ஓட்டியிருப்பானா? ஒரு லோட்? நார்வே மலையில ஏறச் சொல்லு பாப்போம், முத வளைவுலயே பைய எடுத்து மூஞ்சில மாட்டிக்குவான்!"

கீழ்வீட்டு ரோஹானா கதவைத் திறந்து மேலே எட்டிப் பார்த்து, "சிஸ், ஓகே கா?" என்றார்.

"ஓகே!" என்று அக்கா கத்திய கத்தலில் அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு மதியம் தயாளன் ரோத்தி சானாயும் தொட்டுக்கொள்ளக் கறியும் கட்டி வாங்கிக்கொண்டு சமாதானத்துக்கு வந்திருந்தான். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அக்காவின் ஃபோனில் ஒரு குரல் செய்தி. மார்த்தாவிடமிருந்து. கிறிஸ்துமஸுக்குப் பிறகு முதல் தடவை. அக்கா கறிக் கையோடு, முழங்கையால் அதைத் தட்டி ஓட விட்டார்.

"ஷேரன், ஒங்க அண்ணனுக்கு என்னமோ நம்பரு நம்பரா வருதாம். நீதான்னு அவருக்குத் தெரியுமாம். வாயத் தொறந்து கேட்டா குடுக்க மாட்டேன்னா சொல்லப்போறேன், அவளே கூப்புடட்டும்ங்கிறாரு. அப்புறம் என்னா, லோரியெல்லாம் நல்லா ஓடுதா?" கடைசியில் ஒரு சிரிப்பு இருந்தது. கேலியா, சமாதானமா என்று சொல்ல முடியாத சிரிப்பு.

அக்கா ஃபோனை முழங்கையாலேயே தள்ளி வைத்தார்.

"கேட்டாத்தான் என்னக்கா?" என்றான் தயாளன். "ஒரு நிமிசம். அவரும் மோசமில்லயே. கிறிஸ்துமஸ் சண்டைக்கு அப்புறம் நெனச்சிருந்தா பாஸ்வேர்ட மாத்தியிருக்கலாம்ல? மாத்தலயே."

"சோம்பேறி. மாத்தத் தெரியாது."

"கணக்க தொறந்தவருக்கு மாத்தத் தெரியாதா?"

அக்கா எழுந்து போய்க் கை கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். தண்ணீர் சத்தம் நின்றும் வரவில்லை. நாங்கள் இரண்டு பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இரவல் வாங்குகிறவர் மாதிரி அவர் அண்ணனிடம் கேட்பதைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. அவர் கேட்காமலே விட்டுவிடுவதைப் பார்க்கவும் விருப்பமில்லை.

துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"கோட் கேட்டு வாங்கிப் போட்டேன்னு வை. நாளைக்கு இந்த லேப்டாப் போயிரும். வேற வாங்குவேன். மறுபடி அவனுக்குப் போகும் நம்பரு. மறுபடி கேக்கணும். அப்படித்தானே?"

"ஆமாக்கா," என்றான் தயாளன்.

"அந்தக் கணக்குல இருக்குற மெயில மாத்த முடியுமா? என் மெயில், என் ஃபோன்?"

"அவரு உள்ள போய் மாத்துனா முடியும். பேரும் மாத்தலாம். அப்புறம் முழுக்க ஒங்களோடதுதான்."

"அப்பச் சரி." ஃபோனை எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "கோட் கேக்கப் போறதில்ல. பேர மாத்திக் குடுன்னு கேக்கப் போறேன்."

"கொஞ்சம் தன்மையா, லா," என்றான் தயாளன்.

"தன்மையாத்தான் கேட்டேன் அப்பாகிட்ட. பதினெட்டு வயசுல. என்னா கெடச்சுது?"

"இவரு மாட்டேன்னுட்டா?"

"மாட்டேன்னு அவன் வாயால சொல்லட்டும். இது வரைக்கும் எவனும் சொல்லல. கேக்காமயே எழுதிக்கிட்டானுங்க, நானும் பாத்துக்கிட்டே இருந்தேன்." எண்ணைத் தேடி அழுத்தினார். ஒலிபெருக்கியைப் போட்டு, ஸ்டீரிங்குக்குப் பக்கத்தில் ஃபோனை வைத்தார். உட்காரவில்லை. மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார்.

மணி போயிற்று. யாரும் எடுக்கவில்லை. தானாக நின்றது.

தயாளன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அக்கா திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டான்.

"கூப்புடச் சொன்னான்ல? கூப்புடுறேன். எடுக்கட்டும்." மறுபடி அழுத்தினார். இந்த முறை முதல் மணியிலேயே முணுமுணுக்க ஆரம்பித்தார். செபமில்லை. ஹென்றி எடுத்ததும் சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். பேர மாத்து, மெயில மாத்து, இன்னிக்கே மாத்து. நடுவில் டீசல் வாடையும் வந்தது, ஆட்டுக்கறியும் வந்தது. அவையெல்லாம் வேண்டாம் என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

சிங்கப்பூரில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.