நெஞ்சில் கட்டிய நீரும் டாக்டர்களின் பரீட்சையும்

எழுபதுகளின் நடுவில் நடந்தது. இன்றைக்கு நினைத்தாலும் வாயில் கெட்ட வார்த்தைதான் முதலில் வருகிறது.

என் மனைவியின் தம்பி புதுப்பட்டினத்தில் கட்டுமரம் ஏறுகிறவன். நாலு வார்த்தை பேசுவதற்குள் அவனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. செங்கல்பட்டுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ரயிலேற்றி, பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்தேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, நெஞ்சுக்கூட்டில் நீர் கட்டியிருக்கிறது, ஊசியால் உறிஞ்சிவிட்டால் சரியாகிவிடும் என்றார் வார்டு டாக்டர்.

"அப்ப உறிஞ்சுங்க சார்."

"பரீட்சை முடியட்டும்பா."

டாக்டருக்குப் படித்தவர்கள் அதற்கு மேலும் படித்துப் பெரிய டாக்டராவதற்கு ஒரு பரீட்சை. அதற்கு நோயாளி வேண்டும். முதுகைத் தட்டினால் கல்லைத் தட்டின மாதிரி கேட்கிற நெஞ்சு லேசில் கிடைக்காதாம். நீரை எடுத்தால் அந்தச் சத்தம் போய்விடுமாம். அதனால், பெண் பார்க்க வருகிறவர்களுக்குப் பலகாரத்தை மூடிவைப்பதுபோல, அவன் நெஞ்சில் நீரை வைத்திருந்தார்கள். சண்டை போட்டேன். "தாங்குவான், போ" என்றார்கள்.

வார்டு ஆயா அவனிடம், "நெஞ்சுல தண்ணின்னு யார்கிட்டயும் சொல்லிடாத. அவங்களேதான் கண்டுபுடிக்கணும்" என்றாள்.

"இன்னாக்கா இது? அவங்க பாஸாவறதுக்கு நான் மூச்சு வுடாம கெடக்கணுமா?"

பரீட்சையன்று காலையில் படுக்கைக்கு வெளுத்த விரிப்பு போட்டார்கள். அவனை உட்காரவைத்து நான் தாங்கிப் பிடித்திருந்தேன். ஒவ்வொருவராக வந்து முதுகைத் தட்டினார்கள். "ஒண்ணு ஒண்ணுன்னு சொல்லுங்க" என்று குழாயை வைத்துக் கேட்டார்கள். போகப்போக அவனால் ஒண்ணு என்று சொல்லவும் முடியவில்லை. முகத்தை யாரும் பார்க்கவில்லை. கேள்வி முதுகில்தானே இருந்தது!

அடுத்து ஒரு பெண் டாக்டர் வந்தார். முதலில் அவன் உதட்டைப் பார்த்தார். நீலம் பாரித்திருந்தது. உடனே ஆக்சிஜனும் ஊசியும் கொண்டுவரச் சொன்னார்.

பரீட்சை வைத்த புரொபசருக்குக் கோபம். "நேரம் ஓடுதும்மா. கேஸைச் சொல்லு."

"சொல்றேன் சார். முதல்ல தண்ணியை எடுத்துடறேன்."

"இது வார்டு இல்ல, பரீட்சை!"

அந்த அம்மா விலா எலும்புகளுக்கு நடுவில் ஊசியை இறக்கினார். பாட்டிலில் மஞ்சள் நீர் இறங்க இறங்க என் கையிலிருந்த முதுகு இளகியது. "யம்மாடி! இப்பதான் காத்து உள்ள போவுது" என்றான் மச்சான். தன் வீட்டுப் பாலை யாரோ கொட்டிவிட்ட மாதிரி புரொபசர் அந்த பாட்டிலையே முறைத்தார்.

முதுகைத் தட்டிவிட்டுப் போனவர்கள் பாஸ். அந்த அம்மா பெயில். கேஸை முழுசாகச் சொல்லவில்லையாம். ஆயாதான் வந்து சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று புரொபசர் மாணவர்களோடு வந்தார். மச்சானின் முதுகைத் தட்டிப் பார்த்து, "இப்ப ஒண்ணுமில்ல, சாதா நெஞ்சு" என்று நகரப் போனார்.

"சார், அந்தம்மாவ ஏன் பெயிலாக்குனீங்கோ?" என்றான் மச்சான்.

"அதெல்லாம் உனக்கெதுக்கு?"

"எனக்கெதுக்கா? நல்லா கீதே சார் நாயம்! கேள்வித்தாளே நான்தான?"

மாணவர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். புரொபசர் திரும்பிப் பார்த்ததும் அவன் தலையைக் குனிந்துகொண்டான். எல்லோரும் பக்கத்துப் படுக்கைக்குப் போய், அங்கே கிடந்தவரின் முதுகைத் தட்ட ஆரம்பித்தார்கள்.