குழாயை அடைச்ச பஞ்சு

அக்கா கனடாவிலையிருந்து கொண்டுவந்த, தூசி இழுக்கிற வக்கூம் மெசினை எனக்கு ஒருநாளும் பிடிக்கேல்லை. எங்கடை ஊர் மடத்துவெளிக் காத்து அள்ளிக்கொண்டு வாற மண்ணுக்குத் தும்புத்தடியாலை கூட்டுறதுதான் சரி. ஆனா வீடு அவவின்ரை. நான் இருந்து பார்க்கிற ஆள், அவ்வளவுதான்.

அம்மா செத்த அண்டு, குளிப்பாட்டேக்கை மூக்குத்தியைக் கழட்டினது அக்காதான். பஞ்சிலை சுத்தி அம்மாவின்ரை கட்டில் தலைமாட்டிலை வைச்சவ. நானும் பார்த்தனான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிஞ்ச கையோடை, அறையை மஞ்சள் தண்ணி தெளிச்சுக் கழுவ நான் வாளி எடுத்தன். "வேண்டாம், மாபிள் பழுதாப் போகும்" எண்டு அவ மெசினைப் போட்டு இழுத்தா. கட்டிலுக்குக் கீழை போகேக்கை மெசின் மூச்சு முட்டி ஊளையிட்டுது. "இஞ்சத்தைக் கரண்டுக்கு இது சரிவராது" எண்டு அதை மூலைக்குள்ளை தள்ளிவிட்டுப் பிளேன் ஏறிட்டா.

அங்கை போய்ச் சேர்ந்ததும் சொந்தக்காரர் எல்லாருக்கும் போன். "அம்மாவின்ரை மூக்குத்தியைக் காணேல்லை. வீட்டிலை இருக்கிறது அவள் ஒருத்திதான்." நாசமாப் போக! அதுக்குப் பிறகு கோயிலிலை நான் போய் இருந்தா, பக்கத்திலை இருக்கிறவ கைப்பையைத் தூக்கி மடியிலை வைப்பா.

ஆண்டுத் திவசத்துக்கு வந்த அக்கா முதல் வேலையா மெசினைத்தான் போட்டுப் பார்த்தா.

"இழுக்குதில்லை. முத்தத்து மண்ணெல்லாம் அள்ளிப் பழுதாக்கிப் போட்டாய் என்ன?"

"நான் தொட்டதேயில்லை."

"தொட்டா என்ன, தொடாட்டி என்ன, துப்பரவாக்கித் தா."

குசினிக்குப் பின்னாலை வைச்சுக் கழட்டினன். நிறைஞ்சு கிடந்த தூசிப்பையைக் கொட்டி உதறினன். வடிகட்டியைக் கழுவி வெயிலிலை வைச்சன். குழாயை நிமித்திப் பார்த்தா அங்காலை வெளிச்சம் தெரியேல்லை. அடைப்பை வந்த வழியாலைதான் திருப்பித் தள்ளவேணும், மற்றப் பக்கம் இடிச்சா இன்னும் இறுகிப்போகும். தடியாலை மெல்லத் தள்ள, தலைமயிரும் தூசியும் சுத்தின பஞ்சு ஒண்டு எட்டிப் பார்த்துது. அதுக்குள்ளை கல்லு மினுங்கிச்சு.

ஐயோ, அம்மாவின்ரை மூக்குத்தி! ஓடிப்போய்க் காட்டத்தான் எழும்பினன். பிறகு யோசிச்சன். நான் கொண்டுபோய்க் குடுத்தா, ஒளிச்சு வைச்சவள் பயந்துபோய்த் தாறாள் எண்டெல்லே சொல்லுவா. பஞ்சைத் திரும்ப உள்ளுக்குத் தள்ளினன்.

திவசச் சாப்பாடு முடிஞ்சு சனம் விறாந்தையிலை வெத்திலை போடேக்கை, குழாயையும் தடியையும் அக்காவின்ரை கையிலை குடுத்தன். "அடைச்சிருக்கு. எனக்கு ஏலாது, நீங்களே தள்ளுங்கோ." அவவின்ரை கையாலையே விழட்டும், எல்லாரும் பார்க்கட்டும். அவவின்ரை முகம் போற போக்கைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை.

விழுந்துது. பஞ்சு பிரிஞ்சு மூக்குத்தி மாபிளிலை உருண்டுது. அக்கா குனிஞ்சு எடுத்தா. முகம் கொஞ்சமும் மாறேல்லை.

"இதுக்குள்ளை ஆர் போட்டது?"

அவ சுத்தின பஞ்சு, அவ இழுத்த மெசின். சொல்ல வாயெடுத்தன். அதுக்குள்ளை எல்லாற்றை கண்ணும் என்னிலை. அம்மாவின்ரை தங்கச்சி, எங்கடை சித்தி, நல்ல இரக்கமாச் சொன்னா:

"கிடைச்சிட்டுதெல்லே, விடு பிள்ளை. திவச நாளிலை அவளை ஒண்டும் கேளாதை. பாவம், திருப்பித் தந்திட்டாள்தானே."

அக்கா "ஓம்" எண்டு தலையாட்டிப்போட்டு, குழாயைக் கொழுவி மெசினைப் போட்டா. இப்ப நல்லா இழுத்துது.