பாதாளத்துக்கு ஒரு விளக்கு

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் திருவிருந்துக் கிண்ணங்களைக் கழுவுவது வசந்தாவின் வேலை. திராட்சரசம் ஊற்றிக் கொடுக்கும், கட்டைவிரல் பருமனுள்ள கண்ணாடிக் கிண்ணங்கள், அறுபத்திரண்டு. சபையின் பின்னறையில் வெந்நீர்த் தொட்டியில் போட்டு, ஒவ்வொன்றிலும் சுண்டுவிரலை விட்டுத் துலக்குவாள்.

மற்ற நாட்களில் செஞ்சி தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் நிற்பாள். வயது நாற்பத்தாறு. கணவன் பச்சைமுத்து லாரி மோதிச் செத்தபோது இருபத்தொன்பது. அடக்கத்தன்று ஊரோடு சேர்ந்து விசுவாசப் பிரமாணம் சொன்னாள். மரித்த இயேசு ‘பாதாளத்தில் இறங்கினார்’ என்ற வரி வாயில் வந்து போனது, அவ்வளவுதான். அடுத்த வருஷம் நூலகத்தில் அட்டை கிழிந்த மாயக்கதைப் புத்தகம் ஒன்று அகப்பட்டது. பூமிக்கு அடியில் இறந்தவர்களின் நாடு, அவர்கள் அங்கே வெறுங்காலோடு காத்திருக்கிறார்கள். விளக்கோடு படியிறங்கும் ஒரு ராஜா அவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறான். அதற்குப் பிறகு அந்த வரி வரும்போதெல்லாம் அவளுக்குப் படிக்கட்டு தெரிந்தது. அடிப்படியில் பச்சைமுத்து உட்கார்ந்திருந்தான். அதைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் ஓட்டினாள்.

ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அதையே சொன்னாள், ராஜா இடத்தில் இயேசுவை வைத்து. மூன்றாம் நாள் எல்லோரும் ஏறி வந்துவிடுவார்கள் என்று முடிப்பாள். பிள்ளைகள் கைதட்டுவார்கள்.

அந்தப் பிள்ளைகளில் ஒருவன் எழில், பத்து வயது. கல்குவாரிப் பள்ளத்தில் மூழ்கிப் போனான். வெள்ளிக்கிழமை அடக்கம். இன்று ஞாயிறு, மூன்றாம் நாள். விடிகாலை அவன் தங்கை மோனிகாவைக் காணவில்லை. அப்பன் பொன்னுசாமி தேடிப்போனபோது கல்லறைத் தோட்டத்தில் இருந்தாள். பக்கத்தில் அண்ணன் செருப்பு. வீட்டு டார்ச்சை மண்ணின் மேல் அடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

பின்னறைக்குள் வந்த தாய் கலைச்செல்வி உட்காரவில்லை.

“கைய நிறுத்துக்கா. இன்னாத்த சொல்லி வெச்ச பிள்ளைங்ககிட்ட?”

“கலை, உக்காரு.”

“உனக்கின்னா, கதைய சொல்லிட்டு பிஸ்கட்டு குடுத்து அனுப்பிடுவ. ‘நைனா, மண்ணு மூடிக்கினு அண்ணனுக்கு வழி தெரியல, தோண்டு’ன்னு கத்துறா. அந்த மனுஷன் மம்முட்டிய எடுத்துட்டாருக்கா! நாலு பேரு சேந்து புடிச்சாங்க.”

வசந்தாவின் கை தண்ணீருக்குள்ளேயே இருந்தது.

“வந்து சொல்லு, அது வெறுங்கதைன்னு. நீ சொன்னாதான் கேப்பா.”

சொல்லிவிடலாம். சொன்னால் அடிப்படியில் உட்கார்ந்திருப்பவனும் போய்விடுவான்.

“மூணாம் நாளுன்னு சொன்னது என் தப்பு. அது இயேசுவுக்கு மட்டுந்தான். ஆனா அவரு இறங்குனது நெசம், கலை.”

“அப்ப எழிலு வருவானா?”

“வருவான்.”

“எப்போ?”

“கடைசி நாள்ல.”

“அது என்னைக்குன்னு கேப்பாக்கா. நான் இன்னா சொல்லட்டும்?”

வசந்தா அந்தக் கேள்வியைத் தன்னிடமே ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. படிக்கட்டை நினைத்துப் பார்த்தாள். இருட்டாக இருந்தது.

கலைச்செல்வி கதவுப் பக்கம் திரும்பினாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.