இடது பக்கம் ஒன்றரை அங்குலம்

இதை நான் கட்டிவிடவில்லை. என் அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. நம்பாதவர்கள் மச்சானிடமே போய்க் கேளுங்கள். ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு அடிக்க வந்தால் நான் பொறுப்பில்லை.

மச்சான் வேலையில் புலி. வாய்தான் எட்டு ஊருக்குக் கேட்கும். சொந்தப் பட்டறை போட்டு மூன்றே வாரம். காய்கறி வியாபாரி ஒருவர் தன் பிக்கப் வண்டியைக் கொண்டுவந்தார். காலியாக இருந்தாலும் பின்னால் இடது பக்கம் தாழ்ந்தே நிற்கிறதாம். நாலு மெக்கானிக் கைவிட்ட வண்டி. "சாயங்காலம் நேரா நிக்கும். நிக்கலைன்னா பட்டறையை இழுத்து மூடிடறேன்" என்று பத்துப் பேர் முன்னால் சவால் விட்டுவிட்டார் மச்சான்.

நான்கு ஷாக் அப்சர்பரும் புதிதாகப் போட்டார், கனம் தாங்குகிற ரகம். பின்னால் பாரம் தாங்கும் கமான் பட்டைகளும் புதுசு. மதியம் 1.10க்கு ஜாக்கியை இறக்கி, பின் சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு வரை டேப் பிடித்தார். வலது இருபத்தோரு அங்குலம். இடது பத்தொன்பதரை.

தரை சரியில்லையோ? வண்டியைத் திருப்பி நிறுத்தினார். அப்போதும் இடதுதான். பட்டைகளைக் கழற்றி இடம் மாற்றிப் பூட்டினார். மணி 2.50. இடது பத்தொன்பதரை.

2.55. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார்.

க்ரீச்...

முகத்துக்கு நேர் மேலே பட்டை அமுங்கி எழுந்தது. யாரோ கால் மாற்றி உட்கார்ந்த மாதிரி.

உருண்டு வெளியே வந்தார். வண்டி மேலே யாருமில்லை. பட்டறையிலும் யாருமில்லை. பயம் வந்தால் மச்சானுக்கு வாய் இன்னும் நீளும். வண்டியின் பக்கவாட்டில் ஓங்கித் தட்டினார்.

"யாருப்பா அது? வேலை முடிஞ்சுது, இறங்கு!"

மூன்று நொடி.

க்ரீச்ச்ச்...

இடது பக்கம் மெதுவாக மேலே எழுந்தது.

மறுபடி டேப் பிடித்தார். இருபத்தொன்று.

வியாபாரி வந்து, கையைக் குலுக்கி, வண்டியை எடுத்துப்போனார். 5.30க்கு மச்சான் பட்டறையைப் பூட்டி ஸ்கூட்டரில் கிளம்பினார். வேகத்தடையில் ஸ்கூட்டரின் அடிப்பாகம் உரசியது. தனி ஆளாகத்தானே போகிறோம்...?

5.48க்கு போன் அடித்தது. ஓரம் கட்டினார். வியாபாரிதான்.

"அண்ணே, வண்டி அம்சமா நிக்குது! என்ன பண்ணுனீங்க?"

"சும்மா... இறங்குன்னு சொன்னேன்."

வியாபாரி குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"என் தம்பி பின்னாடி அந்த இடது மூலையிலதான் உட்காருவான்ணே. ஒரு நாள் நெஞ்சு வலின்னு அங்கேயே உட்கார வச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வாசல்ல விட்டுட்டு டாக்டரைத் தேடி ஓடினோம். 'இறக்கி விடுங்க, இறக்கி விடுங்க'ன்னு கத்திட்டே இருந்திருக்கான். வாட்ச்மேன் அப்புறம்தான் சொன்னாரு. நாங்க திரும்பி வந்தப்போ... உசிரு இல்லை."

மச்சான் சைடு ஸ்டாண்டு போட்டு, ஸ்கூட்டரை விட்டு இறங்கினார்.

பின்பக்கம் எழும்பவில்லை.

சாவியைக்கூட எடுக்கவில்லை. வீடு வரை நாலு கிலோமீட்டர், ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தார்.

'இறங்கு' என்று மட்டும் சொல்லவே இல்லை.