ரவை போட்ட தோட்டா

அந்தத் துப்பாக்கிகளில் ஒன்றையாவது ஒரு தடவை சுட்டுப் பார்க்க வேண்டும். ராஸ் அல் கைமா மலையடிவாரத்தில் ஒரு பண்ணை வீட்டில் சமையல்காரனாக இருந்தபோது எனக்கு இருந்த ஆசை அதுதான். கேட்கத்தான் வாய் வரவில்லை.

என் அர்பாப், அதாவது முதலாளி, பழைய துப்பாக்கி என்றால் சோறு தண்ணீர் மறந்துவிடுவார். மலைக் குடும்பங்களிடமும் ஓமான் பக்கமும் போய் வாங்கி வருவார். எல்லாம் வெள்ளைக்காரன் காலத்துச் சாமான்கள். நிறுத்தினால் என் நெஞ்சளவு வரும். அடியில் இருக்கும் பிடியைக் கீழே இழுத்தால் மேலே திறக்கும். ஒரே ஒரு தோட்டா போடலாம். கருமருந்துத் தோட்டா. கடையில் கிடைக்காது என்பதால் அவரே செய்வார். வீட்டில் நல்ல வெளிச்சமுள்ள மேஜை சமையலறையில்தான் இருந்தது. அடுப்பை அணைத்து, சிலிண்டரை வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு உட்காருவார். நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பேன்.

பித்தளைக் கூட்டுக்குள் மருந்து, அதன் மேல் ஒரு காகித வில்லை, அதற்கு மேல் ரவை, கடைசியில் ஈயக் குண்டு. நடுவில் காலியிடம் விட்டால் ஆபத்தாம். அதை நிரப்பத்தான் ரவை. முதல் தடவை அவர் ரவை கேட்டு "சூஜி லாவ்" என்றபோது பசிக்கிறது போலிருக்கிறது என்று தீப்பெட்டியைத் தேடினேன். அர்பாப் பாய்ந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சுட்ட துப்பாக்கியைக் கழுவுவது என் வேலை. குழல் முழுக்கக் கரி அப்பியிருக்கும். கெட்டிலில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றினால் கறுப்பாக ஓடும், அழுகிய முட்டை நாற்றம் வரும். எனக்கு அந்த நாற்றமே பிடித்திருந்தது. யாரும் இல்லாதபோது தோளில் வைத்துப் பார்ப்பேன். ஒருநாள் டிரைவர் பாய் பார்த்துவிட்டார். அவரும் எங்கள் ராமநாதபுரம் பக்கம்தான்; கடற்கரை ஊர்.

"என்னண்ணே, குறி பாக்குறீகளோ?"

"இல்ல பாய், காயுதான்னு பாத்தேன்."

"தோள்ல வச்சாத்தான் காயுமாக்கும்! அர்பாப்கிட்ட ஒரு வார்த்த கேட்டாத் தர மாட்டாரா? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"விடுங்க பாய்."

"விட்டா, கடைசி வரைக்கும் நீங்க கெட்டிலத்தான் புடிச்சுக்கிட்டு இருப்பீக."

அந்த வாரம் புதிதாக ஒரு துப்பாக்கி வந்தது. வெள்ளிக்கிழமை அதைச் சுட்டுக் காட்ட அர்பாப் தன் மைத்துனரையும் துபாய் நண்பர்கள் சிலரையும் கூப்பிட்டிருந்தார். அதற்கு முந்தின நாள் தோட்டா செய்யும்போது நான் மீன் வாங்கப் போயிருந்தேன்.

பண்ணைக்குப் பின்னால் மலையோரம், வெள்ளையடித்த டிரம் ஒன்றுதான் குறி. காவா, அதாவது அரபிக் காப்பி, ஊற்றிக் கொடுத்துவிட்டு நான் பின்னால் நின்றேன். மைத்துனர் கேமரா மொபைலைத் தூக்கிப் பிடித்தார். அப்போது அது புதுசு. அர்பாப் குறி பார்த்தார், விசையை இழுத்தார்.

இடி மாதிரி கேட்க வேண்டிய சத்தம் "புஸ்" என்று வந்தது. குண்டு வெளியே வரவே இல்லை. புகை மட்டும் எங்கள் பக்கம் திரும்பியது. முதலில் தும்மியவர் மைத்துனர். பிறகு நண்பர்கள். அர்பாப் தலைத்துணியால் கண்ணைத் துடைத்தார். நானும் தும்மினேன். தும்மும்போதே தெரிந்துவிட்டது. அது வரமிளகாய், கடுகு. என் தாளிப்பு!

முன்பு துபாயில் சோனாப்பூர் தொழிலாளர் கேம்பில் இருந்தபோது பழகிய பழக்கம் அது. டியூட்டி முடிந்து வந்தால் சமைக்கத் தெம்பு இருக்காது என்று, ரவையை எண்ணெயில் கடுகு, உளுந்து, மிளகாய் போட்டு வறுத்து டப்பாவில் வைத்துக்கொள்வோம். வெந்நீர் ஊற்றினால் உப்புமா. நான் மீன் வாங்கப் போன நேரத்தில் பாய்தான் அந்த டப்பாவை எடுத்துக் கொடுத்திருக்கிறார். எண்ணெய் இறங்கி மருந்தை நனைத்துவிட்டது.

அர்பாப் இன்னொரு தோட்டாவைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டினார். ரவையோடு ஒரு கறிவேப்பிலைத் துண்டு விழுந்தது.

"யே க்யா ஹை?" என்று என்னைப் பார்த்தார்.

"ரவைன்னா ரவைதானண்ணே! உள்ள கடுகு கெடக்கும்னு நான் கண்டேனா?" என்று பாய் என் காதைக் கடித்தார்.

மைத்துனர் அரபியில் ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். "செவுத்துல மாட்டத்தான் லாயக்காம்," என்றார் பாய். அர்பாப் முகம் சுருங்கியது. கம்பியை விட்டுக் குழலில் சிக்கிய குண்டைத் தள்ளி எடுத்தார். "ஹலாஸ்," முடிந்தது என்று தோட்டாப் பெட்டியை மூடினார். விருந்தாளிகள் வண்டிப் பக்கம் நடந்தார்கள்.

அவர் ஒருமுறை சுவரில் மாட்டினால் மறுபடி இறக்க மாட்டார். எனக்கு அது தெரியும். மளிகைக்கடையில் ரவை இருக்கிறது என்று எப்படிக் கத்தினேன் என்றுதான் தெரியவில்லை.

"அர்பாப்! பகாலா மே சூஜி ஹை! பாஞ்ச் மினிட்!"

அத்தனை பேரும் திரும்பினார்கள். காது சுட்டது. அர்பாப் என்னையே பார்த்தார். அப்புறம், "யல்லா, ஜல்தி!" என்றார்.

பிக்கப் குதித்துக் குதித்துப் பறந்தது. பகாலாக்காரர் மலையாளி. "உப்புமாவோ?" என்றார்.

"இல்ல சேட்டா, துப்பாக்கிக்கு," என்றார் பாய்.

அவர் சிரிக்கவே இல்லை. "அப்போ ரெண்டு பாக்கெட் எடுத்தோ."

திரும்பி வந்ததும் அர்பாப் எல்லோருடைய சிகரெட்டையும் அணைக்கச் சொன்னார். பிக்கப்பின் பின்கதவை இறக்கித் துணி விரித்து, புது ரவையில் புதுத் தோட்டாக்கள் செய்தோம். குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, அர்பாப் துப்பாக்கியை நீட்டி, யார் சுடுவது என்று கேட்டார். மைத்துனர் மொபைலில் மும்முரமானார். மற்றவர்கள் மலையைப் பார்த்தார்கள்.

"மை," நான் சுடுகிறேன் என்றேன்.

பாய் வாயைப் பிளந்தார். அர்பாப் பக்கத்தில் வந்து, தோட்டாவைப் போட்டு, துப்பாக்கிக் கட்டையை என் தோளில் அழுத்தி வைத்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு விசையை இழுத்தேன்.

மலையே அதிர்ந்தது. யாரோ தோளில் உதைத்த மாதிரி பின்னால் போனேன். எதிரே வெள்ளைப் புகை, ஒன்றும் தெரியவில்லை. சத்தம் மலையில் மோதி மோதித் திரும்பி வந்தது. புகை விலகியபோது டிரம் அப்படியே நின்றது. அதற்கு ரொம்ப மேலே, பாறையில் தூசி பறந்தது.

"அண்ணே, டிரம் கீழ இருக்கு!" என்று பாய் கத்தினார். மைத்துனர் கைதட்டினார். அர்பாப் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

தோள் விண்விண்ணென்று வலித்தது. நான் பிடியை இழுத்தேன். சூடான பித்தளைக் கூடு எகிறி மணலில் விழுந்தது. இன்னொரு தோட்டாவுக்காக அர்பாப் பக்கம் கையை நீட்டினேன்.

"ஔர் ஏக்," என்றேன்.